ஓரட்சரம் குறைவாக

இணுவில் கூட்டுறவுச் சங்கத்துத் தட்டச்சுப் பொறியில்
ஒரு அட்சரம் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நின்றது.
எங்கள் பாஷைக்கே உரியதென்று
வாத்திமார் நெஞ்சு நிமிர்த்துவார்களே, அது.

பகலில் அதே பொறியில்
கச்சேரிக்கு மா மூட்டைக் கணக்கு அடித்தேன்.
இரவில் ஸ்டென்சில்.
கச்சேரி பைலையும் மதிலில் ஒட்டிய துண்டையும்
ஒரு மேசையில் அருகருகே வைத்தால் போதும்,
என் விலாசம் தெரிந்துவிடும்.

ஆகவே கட்டளை வந்தது, பாண் சுற்றிய தாளில்:
அதில்லாமல் அடி.

மூன்று பேர் நாங்கள். மூன்று என்பதும் என் ஊகம்.
பேக்கரிச் சைக்கிள்காரன் சந்திரகாசன்; அது அவன் பெயரல்ல.
அவனுக்கு அப்பால் யார் என்று
அவனுக்கே தெரியுமோ தெரியாது.
ரோனியோ எந்த வீட்டில் சுற்றியதென்று நான் கேட்டதில்லை.
ஒருநாள் அவன் சட்டைக் கையில் மை.
பார்க்காத மாதிரிச் சில்லறை எண்ணினேன்.

வேலியில் கடகம் நிமிர்ந்திருந்தால் வா.
குப்புறக் கிடந்தால் நேரே போ, திரும்பிப் பாராதே.
பிடிபட்டால் இருபத்து நாலு மணித்தியாலம் வாய் திறவாதே,
அதற்குப் பிறகு உன் விருப்பம்.
அந்த 'விருப்பம்' என்ற சொல்லைப் போட்டவர் யார்?

அவர்தான். துண்டுகளை ஆக்குகிறவர்.
பச்சைப் பேனை, கொம்பு நீண்ட கை.
முதல் மாதம் நான்தான் சொல் மாற்றினேன்.
இனத்தின் பெயர் வந்த இடத்தில் 'நாங்கள்',
நாட்டின் பெயருக்கு 'இந்த மண்'.
பிள்ளை என்றேன், பாதை என்றேன்,
வானம் பெய்தது என்றேன்.
இரண்டாம் மாதம் அவரே மாற்றி அனுப்பினார்.
மூன்றாம் மாதம் என்னைவிட நன்றாய்.
ஒரு பந்தி முடிவில், அது இருந்தே ஆகவேண்டிய இடத்தில்,
ஒரு விரல் அகலம் வெறுமை விட்டிருந்தார்.
சிரித்துவிட்டேன், மா மூட்டைகளின் நடுவில்.
இருபத்தாறு வயது எனக்கு.
முகம் தெரியாத ஒருவரோடு
ஒரு இல்லாமையைப் பங்கு போட்டிருந்தேன்.

மாசிப் பனியில் ஒரு தாள் வந்தது.
மை நீலம். கை அதே கை.
இரண்டாவது வரியில் அது.
நாலாவது வரியில் இரண்டு தரம்.

மறதி இல்லை.
யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல
அவர் கை போட்டிருக்கவேண்டும்.
அல்லது அவரே, அத்தனை பேர் நடுவில் இருந்து,
எனக்கு மட்டும் கேட்கும்படி கத்தினார்.

தாளை அடுப்பில் வைத்தேன்.
கடகத்தைக் குப்புறப் போட்டேன்.
அடுத்தநாள் பாண் வரவில்லை.
அதற்கடுத்தநாள் வேறு ஒருவன்.
அவன் உண்மையாகவே பாண் விற்றான்.

எவரும் என்னைத் தேடி வரவில்லை.
இருபத்து நாலு மணித்தியாலமோ, எத்தனை வருஷமோ,
அவர் வாய் திறக்கவில்லை என்பதற்கு
நான் இப்படித் தேத்தண்ணி குடிப்பதுதான் சாட்சி.
தொண்ணூற்றைந்தில் ஊரே தென்மராட்சிக்கு நடந்தபோது
பொறி சங்கத்தோடு போயிற்று.
என் கை மட்டும் திருந்தவில்லை.
ஓய்வூதியக் கடிதம், கரண்ட் பில் முறைப்பாடு, மகளின் கலியாண அட்டை,
எல்லாவற்றிலும்,
இருட்டில் கிணற்றுக் கட்டைச் சுற்றிப் போவதுபோல்
அந்த இடத்தைச் சுற்றித்தான் போகிறது.
இதிலும்.

முந்தநாள் பேப்பரில் ஒரு மரண அறிவித்தல்.
பட்டினத்தின் பெயரைச் சுருக்கி, ஒரு புள்ளி வைத்துத்தானே தொடங்குவார்கள்?
இது 'குடாநாட்டின் உடுவிலைப் பிறப்பிடமாகவும்' என்று தொடங்கியது.
நாளின் பெயர் இல்லை, திகதி மட்டும்.
முப்பத்தெட்டுச் சொல். விரல் வைத்து எண்ணினேன்.
அது ஒரு இடத்திலும் இல்லை.

அருளம்பலம் வைகுந்தராசா.
எனக்கு ஒன்றும் சொல்லாத பெயர்.
இறந்தவர் முன்னமே ஆக்கி வைத்துப் போனதா,
இல்லை, இறந்தவர் வேறு யாரோ,
ஆக்கியவர் இன்னும் பச்சைப் பேனையோடு எங்கேனும் இருக்கிறாரா?

அடியில் ஒஸ்லோ நம்பர் ஒன்று.
அனுதாபம் அனுப்பவில்லை.
ஃபோனில் அது சாயாமல் நின்றது.

ழ

இரண்டு கோடும் நீலமாயின.
பதில் இல்லை.
யாரோ ஒரு மருமகள், நம்பர் மாறி வந்ததென்று விட்டிருக்கலாம்.
அல்லது
விதி தெரிந்த ஆள்.