கடைமடை

கைப்பட்டை இறுகி, மெல்லத் தளர்ந்தது.
"நூற்று நாற்பத்தாறு" என்றார் கலாராணி சிஸ்டர்.
"கருவாடு வேண்டாம், ஊறுகாய் வேண்டாம்,
மாத்திரையை மறக்கக் கூடாது."

காவிரியே கரித்துப்போகும் கடைமடை எங்களது.
அகத்தியன்பள்ளி அளத்தில்
பதினோரு வருஷம் உப்பு வாரியவள் நான்.
குதிகால் வெடிப்பில் உப்பு,
தாலிக்கயிற்றில் உப்பு,
கஞ்சியில் மட்டும் கூடாதாம்.

சிரித்துவிட்டேன்.
சிஸ்டர் சிரிக்கவில்லை.
அக்கா செண்பகவல்லி பெயரை
அட்டையில் எழுதி அடிக்கோடிட்டார்:
பிள்ளை பெற்ற பத்தாம் நாள். இதயம்.

பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தேன்,
முந்தானையில் இரண்டு எலுமிச்சை,
ஒரு கட்டு முருங்கைக்கீரை.

இரவு
இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடக்கிறேன்.
இவர் வயிற்றில் காது வைத்து
எண்ணிக்கொண்டிருக்கிறார்,
யாருடைய துடிப்பென்று தெரியாமல்.