இருப்பு

மாலை ஐந்தரை. சித்தூர் ஜெயில், கருவி அறை.
கருக்கரிவாள் இருபது என்கிறது பதிவேடு.
ஆணியில் தொங்குவது இருபத்தொன்று.

மூன்று முறை எண்ணினேன்.
குறைந்தால் எழுதக் கட்டம் உண்டு:
களவு, உடைவு, தேய்மானம்.
கூடினால் எழுத இடமில்லை.

கூடியதை இறக்கிப் பார்த்தேன்.
பல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடங்கை அரிவாள்.
பிடியருகே வளையத்தின் தழும்பு ஆறவில்லை:
போன மாதம் நானே கழிவில் எழுதிய
கால்விலங்கு.

புல்லறுக்கும் கூட்டத்தில் ஓபய்யா ஒருவன்தான் இடங்கை.
‘செய்யி திரகலேது, தொரா’ என்பான்.
நாளுக்கு ஏழு கட்டு; அவனுக்கு நாலைத் தாண்டாது.
களி பாதியாகும்.
பாதியாக்கிக் கையெழுத்திட்டவன் நான்.

உலைக்களத்தில் முனெப்பா
உடைந்த மண்வெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான்.
நிமிரவில்லை.
நானும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

விளக்கேற்றுமுன் நல்ல அரிவாள் ஒன்றை,
சர்க்கார் முத்திரையோடு,
கிணற்றில் விட்டேன்.
சத்தம் வர நேரமாயிற்று.

கருக்கரிவாள் இருபது. சரி.
ஜெயிலர் துரை ஆணிப்பக்கம் திரும்பாமலே
கையெழுத்துப் போட்டார்.

இது தை. சித்திரையில் அந்தக் கிணறு வற்றும்.
தூர்வார ஆள் குறிப்பதும்
என் வேலைதான்.