எல்லாரும் தொட்டது

முக்கடல் போகும் வழியில் எனக்க கடை.
கொடியில் இரண்டு ஒட்டுப்போர்வை.

நீலத்தில் வெள்ளை நட்சத்திரம்:
கல்கத்தாக்காரர் தொட்டார்,
கோட்டயத்துப் புதுஜோடி தொட்டது,
குளச்சல் மீன்காரி டெல்பின்
முந்தானையில் கை துடைத்துவிட்டுத் தொட்டாள்.
"இத ஆருக்குப் பிடிக்காது?"
என்றாள் ஷெர்லின், தைத்தவள்.

வைகாசிக்குள்
நட்சத்திரத்தின் நடு
விரல்பட்டு விரல்பட்டுப் பழுத்துவிட்டது.
தள்ளுபடிச் சீட்டு குத்தினேன்.
பிறகு ஒருத்தரும் தொடவில்லை.

மற்றது,
கத்தரிப்பூவும் சாணிப்பச்சையும்
கோணல் கட்டங்களாக.
திரும்பிப் பார்த்தவர் கிடையாது.
நேற்று தக்கலை லாரி டிரைவர்
விலைகூடப் பேசாமல்
தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்,
வெயிலில்.

ஷெர்லினிடம் சொன்னேன்.
"அது எனக்க பழைய சுடிதாராக்கும்"
என்றாள்,
ஊசியில் நூல் கோத்தபடி,
சிரிக்காமல்.