துறை

இரவு ஷிஃப்டில் என் பெயர் பெக்கி.
பேச்சியம்மாள் என்றால் அவர்களுக்கு
நாக்கு சுளுக்கிவிடும் என்று
பயிற்சியின் முதல் நாளே நறுக்கிக் கொடுத்தார்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மாடி அறை.
ஹெட்செட், இரண்டு திரை, முனகும் இன்வெர்ட்டர்.
அங்கே சாயங்காலம் நாலு மணி என்றால்
இங்கே ஒன்பதரை,
கீழ்வீட்டில் கடைசி தோசை சீறி அடங்கும்.

அழகிய ஆங்கிலக் கிராமங்கள், ஒரே நாளில் ஐந்து.
பஸ்ஸில் சுற்ற வந்தவர்கள் கூப்பிடுவார்கள்,
குடையைத் தொலைத்தவர்கள், கழிப்பறை தேடுகிறவர்கள்,
கேக் கடையில் மயங்கி வண்டியை விட்டவர்கள்.
நான் வழி சொல்வேன்.

எல்லா ஊருக்கும் மௌஸைப் பிடித்தபடி போயிருக்கிறேன்.
தேன் நிறத்தில் கல்வீடுகள், நிலையில் ஏறும் ரோஜா.
மனிதர்களுக்கு முகம் கிடையாது, கலைத்திருப்பார்கள்.
ஆல்டன்ஃபோர்டில் ஒருவன் எட்டு மாதமாய்
ஒரே கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறான்.
பக்கத்தில் ஒரு நாய்.
அதற்கு மட்டும் முகம் உண்டு, என்னையே பார்க்கும்.
அங்கே எப்போதும் ஜூன் மாதம்,
பகல் பதினொரு மணி.

மார்கழி பிறந்த வாரம் டோரீன் கூப்பிட்டார்.
பஸ் போய்விட்டது, இருட்டிக்கொண்டு வருகிறது.
எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன்:
பாலம் தாண்டுங்கள், இடது பக்கம் பெஞ்சு,
உட்காருங்கள், அடுத்த வண்டி வரும்.

"பெஞ்சு இல்லையே."
"இருக்கும், தபால் பெட்டிக்குப் பக்கத்தில்."
"தபால் பெட்டியும் இல்லை.
தண்ணீர்தான் இருக்கிறது."

என் திரையில் கணுக்கால் ஆழ ஓடை,
அதில் நாலு வாத்து.
என் காதில் வேறொன்று.
போன வெள்ளத்தில் கொக்கிரகுளம் பாலத்தில்
போலீஸ் விரட்டும்வரை நின்று கேட்டிருக்கிறேன்,
ஆறு சலசலப்பை விட்டுவிட்டு
அடித்தொண்டையில் பேசத் தொடங்குவதை.

"தண்ணீர் என்ன நிறம்?"
எழுதிக் கொடுத்ததில் இந்தக் கேள்வி கிடையாது.
"பால் ஊற்றிய டீ."
"நுரை?"
"இருக்கிறது. ஒரு நாற்காலி போகிறது, பெக்கி."
"பாலத்தில் கால் வைக்காதீங்க."
அதை இங்கிலீஷில் சொன்னேனா
எங்கள் பேச்சில் சொன்னேனா, நினைவில்லை.
நின்றுவிட்டார்.

ஃபோர்டு என்றால் துறை என்பது
அப்போதுதான் உறைத்தது.
எங்களுக்கும் ஒன்று இருக்கிறது, குறுக்குத்துறை.
முருகன் ஆற்றுக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டவர்.
வெள்ளம் வந்தால் உற்சவரைத் தூக்கிக்கொண்டு கரையேறுவார்கள்,
மூலவர் மூச்சடக்கி உள்ளேயே இருப்பார்.
டோரீனின் சாமி அந்த விஷயத்தில் உஷார்.
நாயைத் தாண்டி, பூட்டுகிறவனைத் தாண்டித்
தெருவை இழுத்தேன்.
மேட்டில் சர்ச், பதினேழு படி.
அவர் ஒரு படி, நான் ஒரு க்ளிக்.
பதினொன்றில் மூச்சு வாங்கினார், நானும் நின்றேன்.

வாசலில் உட்கார்ந்ததும் கேட்டார்:
"நீ எங்கே இருக்கிறாய்?"
ஊர் சொல்லக் கூடாது. விதி எண் நாலு.
"ஹைகிரவுண்ட்."
பொய்யில்லை, டவுன் பஸ் போர்டிலும் அப்படித்தான்.
"நல்லவேளை, மேட்டில் இருக்கிறாய்.
தண்ணீர் வடிந்ததும் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு
இறங்கி வாயேன்."
"வாரேன்" என்றேன்.
லைன் போய்விட்டது.

நாற்பத்தொரு நிமிடம். சிவப்புக் குறி விழுந்தது.
காரணம் என்ற கட்டத்தில் தண்ணீர் என்று எழுதினேன்.
"குடிதண்ணீர் புகாராட்டி?" என்றான்
சூப்பர்வைசர் கிருபாகரன்.

அவரை ஏற்றிக்கொண்டார்களா, தெரியாது.
திருப்பிக் கூப்பிடக் கூடாது. விதி எண் ஆறு.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்குமுன் போய்ப் பார்த்தேன்.
பெஞ்சு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.
அவன் பூட்டிக்கொண்டிருந்தான்.
நாயிடம் மட்டும் சொல்லிவைத்தேன்,
மேட்டுப்பக்கம் பதினேழு படி என்று.