ஐஸ் பிளாண்ட்காரன் வீட்டு மார்கழி

கடலூர் துறைமுகத்து ஐஸ் பிளாண்டில் பதினெட்டு வருஷம்.
தண்ணீரைக் கட்டியாக்கி, கட்டியை நொறுக்கி
வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும்
குளிர் விற்றுப் பிழைக்கிறவன் நான்.
என் வீட்டுக்கே
ஓசியில் வந்து உட்கார்ந்திருக்கிறது அது.

முதுநகரில், மாடியில் ஒற்றை அறை.
மேலே சிமெண்ட் ஷீட்.
சித்திரையில் அதன் கீழே அப்பளம் பொரிக்கலாம்.
மார்கழி விடியலில்
ஷீட்டின் அடிவயிறு வியர்த்து
தில்லைநாயகியின் போர்வையில் சொட்டும்.

வாரம் இரண்டு நாள்
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
அவள் ரத்தம் வெளியே போய்
மெஷினில் அலசிக்கொண்டு திரும்புகிறது.
வழியில் ஆறிப்போய்விடும் போல.
பல் கிட்டித்துப் போகிறது.
மூன்று போர்வை, என் லுங்கி ஒன்று,
அதற்கும் மேலே
மகன் திருப்பூர் போகும்போது விட்டுப்போன ரெயின்கோட்டு.
"ஒண்ணுமில்ல, நீ தூங்கு" என்கிறாள்
கட்டில் கிடுகிடுக்க.

ஹீட்டர் வாங்கேன் என்றான் லோடு ஏற்றும் சம்சுகனி.
ஹீட்டர் வாங்கலாம்,
கரண்ட்டை யார் வாங்குவது?

எனக்குத் தெரிந்த சாத்திரம் இவ்வளவுதான்:
குளிர் எங்கேயும் வருவதில்லை, போவதில்லை.
வருவதும் போவதும் சூடு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊதுபத்தி கொளுத்தி
சுவரோரமாய் நடந்தேன்.
"என்ன திடீர்னு பக்தி?"
"காத்துக்கு."
நேராய் எழுந்த புகை
வடக்கு மூலையில் திடுக்கென்று படுத்தது.
ஷீட்டின் அலையும் சுவரின் மட்டமும் சேராத இடத்தில்
பிறை பிறையாய்ப் பதினோரு ஓட்டை.
ஒவ்வொன்றிலும் வாய்வைத்து
ஊதிக்கொண்டிருந்தது வாடை.

உமியும் கெடிலத்துக் களிமண்ணும் பிசைந்து
பிறைகளை அடைத்தேன்.
அது பாதி வேலை.
மீதி, தலைக்கு மேலே.

"ஆணி மட்டும் அடிச்சிடாதப்பா" என்றார்
வீட்டுக்கார உசேன் மரைக்காயர்.
அடிக்கவில்லை.
குழாயிலிருந்து குழாய்க்கு
கிழிந்த வலையொன்றை இழுத்துக் கட்டினேன்.
ஏலக்கூடத்தில் தூக்கிப்போட்ட
தெர்மாகோல் மீன்பெட்டிகள் முப்பத்திரண்டை
சைக்கிளில் ஒன்பது நடையாகக் கொண்டுவந்து
பலகை பலகையாய்ப் பிரித்து
சுண்ணாம்பு போட்டுக் கழுவி
மஞ்சள் போட்டுக் கழுவி
மாடி வெயிலில் காயவைத்து
வலைக்கு மேலே அடுக்கினேன்.

ஐஸ் உருகாமல் காத்த பெட்டி
மனுஷியைக் காக்குமா?
உள்ளே இருப்பது எதுவென்று
பெட்டிக்கு எப்படித் தெரியும்.

முதல் ராத்திரி இரண்டு மணிக்கு
வலை தொய்ந்து ஒரு பலகை நழுவி
அவள் முகத்தில் விழுந்தது.
பதறி எழுந்து விளக்கைப் போட்டால்
அதைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மேகம் விழுந்துடுச்சு."
அவள் சிரித்து
நான் கேட்டது ஆடியில்.

வலையை இறுக்கினேன்.
நெத்திலி வாசம் மட்டும் போகவில்லை.
"கடல்ல படுத்த மாதிரி இருக்கு" என்றாள்,
புகாரா பாராட்டா தெரியவில்லை.

நான்காம் நாள்
ஆஸ்பத்திரி போய்வந்த இரவு.
விழித்துக்கொண்டே கிடந்தேன்,
கட்டில் எப்போது ஆடும் என்று.
முதலில் ரெயின்கோட்டு சரசரத்துக் கீழே விழுந்தது.
பிறகு லுங்கி.
வெகுநேரம் கழித்து ஒரு போர்வை.
இருட்டில் எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஏலக்காரன் கூடை எண்ணுவதுபோல.

"புழுங்குதுய்யா.
அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறயேன்."

மார்கழி இருபத்திரண்டு.
தெருவில் பால்காரன் மஃப்ளர் கட்டிக்கொண்டு போகிறான்.
இவளுக்குப் புழுங்குகிறதாம்.

எழுந்து போய்
ஒரு சாண் திறந்தேன்.
முதலில் உள்ளே வந்தது வாடையில்லை.
கீழ்வீட்டுப் பூனை.
அண்ணாந்து
எங்கள் கூரையை
வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தது.