கடை எண் பதினேழு

நேரு பிளேஸ் அடித்தளம், கடை எண் பதினேழு.
மூச்சு நின்ற லேப்டாப்புகளை
இங்கேதான் கொண்டுவந்து கிடத்துவார்கள்.

நண்பகலுக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவே
எனக்கு ஒரு கட்டாயப் பிரார்த்தனை இருக்கிறது.
மிகச் சிறியது. ஒரு நிமிடம் ஆகாது.
அந்த ஒரு நிமிடம்தான்
டெல்லியில் எங்கும் கிடைப்பதில்லை.

குழாயில் தண்ணீர் வராது.
பாட்டிலைச் சாய்த்துக் கை கழுவி முகம் கழுவினால்
எதிரே கார்ட்ரிட்ஜ் நிரப்புகிற பையன் கேட்பான்:
"என்ன பாய்சாப், சாப்பாடா?"
ஆமாம் என்பேன்.
பொய்யில் தொடங்கும் என் பக்தி.

டிசம்பர் சூரியன் ஐந்தரைக்குள் போய்விடும்.
அடித்தளத்துக்கு அது தெரியாது,
இங்கே எப்போதும் டியூப்லைட் மணிதான்.
எத்தனை நாள் ஷட்டரை இறக்கி மேலே வந்து
தெருவிளக்கைப் பார்த்துத்
திருடனைப்போல் நின்றிருக்கிறேன்.

தமிழில்தான் சொல்கிறேன்.
ஆனாலும் அந்தத் தமிழ்
கோட்டு போட்டு, கழுத்துப் பட்டை இறுக்கி
நேர்முகத் தேர்வுக்கு வந்ததுபோல் நிற்கும்.
நானும் அதுவும் ஒருவரையொருவர்
"வாங்க, போங்க" என்று பேசிக்கொள்வோம்.

தொண்ணூற்றைந்து முறை அல்லாஹு அப்ஹா.
எண்ணுவதற்குக் காந்தத் தட்டில் ஸ்க்ரூக்கள்.
ஒவ்வொன்றாய் இடமிருந்து வலம்.
அறுபத்தொன்றில் ஒரு போன்:
"பையா, டேட்டா கிடைச்சிடுமா?"
கிடைக்கும் என்பேன்.
தொலைந்தது என்னுடைய எண்ணிக்கை.

சுகிர்தா சஃப்தர்ஜங்கில் இரவுப் பணி முடித்து வந்து
நான் குறட்டை விடுகிற நேரத்தில்
நீளமானதையே சொல்லி முடிக்கிறவள்.
"உனக்கு வருதா?" என்று கேட்டேன்.
"வர்றதுக்கு அது என்ன தும்மலா?" என்றாள்.

இதெல்லாம் சின்னத் தடைகள். பெரியது வேறு.

அக்கா நகரம் இருக்கும் திசை
இங்கிருந்து மேற்கே, கொஞ்சம் வடக்கு.
போனில் காம்பஸ் வைத்துப் பார்த்துவிட்டேன்.
என் மேசையிலிருந்து அந்தக் கோடு கிளம்பி
நடைபாதையைத் தாண்டி
நேராக பல்ஜீத்தின் கடைக்குள் நுழைகிறது.
அவன் முதுகு, அவன் ஃபேன், அவன் ஸ்டீல் டிபன்.
அதற்கப்புறம்தான் பாலைவனமும் கடலும் எல்லாம்.

பல்ஜீத்தோடு பேசி நான்கு மாதம்.
ஒரு பெட்டி மதர்போர்டு, நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.
அவன் நோட்டில் ஒரு கணக்கு, என் நோட்டில் ஒன்று.
ஆண்டவனை நோக்கி நிற்கும்போதெல்லாம்
கடன்காரனை நோக்கி நின்றேன்.
இடம் மாறி நின்று பார்த்தேன்,
கழிவறைச் சுவர் வந்தது.

போன செவ்வாய், ஐந்து மணி.
என்னால் ஆவது ஒன்றுமில்லை என்று
ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில்
வாய் நின்றுவிட்டது.
கையில் ரசீதை மடித்து வைத்துக்கொண்டு
இதை யாரிடம் சொல்கிறேன்?

விட்டுவிட்டு எழுந்து போனேன்.
எட்டு அடி தூரம்தான்.
லென்ஸை நெற்றிக்கு ஏற்றினான்.
"க்யா?"
"டி-ஃபைவ் டிரைவர் இருக்கா?"
என்னிடம் இரண்டு இருப்பது அவனுக்குத் தெரியும்.
வாங்கிய நாளில் கூட வந்தவனே அவன்தான்.
ஒரு கணம் பார்த்தான்.
துணியில் துடைத்து, கைப்பிடி என் பக்கம் இருக்க
நீட்டினான்.

திரும்பி வந்து மறுபடி முகம் கழுவினேன்.
கார்ட்ரிட்ஜ் பையன் கேட்டான்.
"இல்லப்பா, பிரார்த்தனை" என்றேன்.
"ஓ" என்று
அவன் ரேடியோவைத் தணித்தான்.
இத்தனை நாள் இது இவ்வளவு சுலபமாகவா இருந்தது!

ஒளி ஒன்றும் இறங்கவில்லை.
நடுவில் இரவுக்கு முட்டை வாங்கணும் என்று
நினைப்பு வந்தது, போனது.
வார்த்தைகள் மட்டும் கோட்டைக் கழற்றிவிட்டு
சட்டையோடு உட்கார்ந்தன.
எண்ணிக்கை இன்றும் எங்கோ விட்டுப்போகிறது.
தட்டைப் பார்த்து,
விட்ட ஸ்க்ரூவிலிருந்து எடுக்கிறேன்.

பணம் வரவில்லை.
டிரைவரை நானும் திருப்பிக் கொடுக்கவில்லை.
நாளைக்கு அங்கே போக
ஒரு காரணம் வேண்டுமே.