கால் திருகு

கணபதியில் ஆறு வருஷம்
மோட்டார் பம்ப் சோதித்த கை இது.
ஆயிரத்து இருநூறு அடி போருக்குள்ளிருந்து
தண்ணீரைத் தூக்கினால்
உயரம் கூடக்கூட வரத்து குறையும்.
அன்னூர்ப் பக்கம் யாரும் இதைப் புத்தகத்தில் படித்ததில்லை,
காய்ந்த பாத்தியில் படித்தார்கள்.

இப்போது நீலாம்பூர் பைபாஸ் ஓரம்
ஒரு தகரக் கொட்டகை, தரைக்குள் இரண்டு உருளைகள்.
நின்ற இடத்திலேயே கார் நூற்று அறுபதில் போகும்.
பலகையில் சாரதாமணி என்று என் பெயர்.
வருகிறவர்கள் என் வீட்டுக்காரரைத் தேடுவார்கள்.
அவர் சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருப்பார்.

திருப்பூர் தரணீஷ் கொண்டுவந்தது பழைய லான்சர்.
டர்போ பின்னால் வந்து சேர்ந்தது.
இன்ஜெக்டர் நாலும் பிறந்தபோது இருந்தவை.
"பெருசா மாத்த நாப்பதாயிரங்க்கா.
ஞாயித்துக்கெழம ரேசு.
பிரஷர ஏத்தி உட்ருங்க, போதும்."

தப்பில்லை.
ஆலன் சாவி. பூட்டு நட்டைத் தளர்த்தி
கால் திருகு, இன்னொரு கால்.
மூன்று பாரிலிருந்து நாலு.
மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் கூட்டினால்
பெட்ரோல் நூற்றுக்குப் பதினைந்துதான் கூடும்,
மீதியை யாரோ வட்டிக்குப் பிடித்துக்கொள்கிறார்கள்.
ஆனாலும் பனி மாதிரி பொடியாய்த் தெளித்தது.
ஆறாயிரம் சுற்றில் வறண்ட தொண்டை நனைந்தது.
இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை
அதற்கு ஈடாகக் கணினியில் குறுக்கினேன்.
பதினெட்டு குதிரை கூடுதல்.
தரணீஷ் கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தான்.

"அஞ்சுக்குப் போலாங்களா?"

போனோம், கண்ணால் பார்த்துவிடட்டும் என்று.
டர்போ ஊத ஊத
ஏற வேண்டிய முள் ஐந்தே காலில் நின்றது,
யோசித்தது,
சரிந்தது.
பம்புக்குப் போகும் ஒயர் தொட முடியாமல் சுட்டது.
என்ஜினுக்குள் யாரோ கொட்டைப்பாக்கு வெட்டினார்கள்.
"கால எடுங்க!"
போர் வற்றும்போதும் இப்படித்தான்,
மோட்டார் மட்டும் வீராப்பாய்ச் சுற்றும்.

நாலுக்கே இறக்கிப் பூட்டினேன்.
நட்டின் மேல் தொடங்கி உடம்பின் மேல் முடிகிற மாதிரி
மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு.
பம்ப் கம்பெனிப் பழக்கம்,
யார் தொட்டாலும் கோடு காட்டிக்கொடுக்கும்.
சொல்ல வேண்டியதையும் சொன்னேன்.
பழைய ஹோஸ், பழைய கிளாம்பு,
சூடான மேனிஃபோல்டு மேல் ஒரு சொட்டு விழுந்தால்
கார் இல்லை, நீங்களும் இல்லை.
ஏத்தாதீங்க. ஏத்தவே ஏத்தாதீங்க.
ஏழு தடவை சொல்லியிருப்பேன்.

பதினாறாம் நாள் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்கள்.
மூன்றாவது பிஸ்டனில்
ஐம்பது பைசா நுழையும் ஓட்டை,
ஓரமெல்லாம் உருகிய வெல்லம் போல.
"நா ஏத்தவே இல்லீங்க்கா."
வணக்கத்துக்கு முன்னாடியே அது வந்தது.
நான் டார்ச்சை எடுத்தேன்.
கோடு உடைந்திருந்தது.
நட்டின் பாதியை வலப்பக்கம் தேடினேன்.
இடப்பக்கம் இருந்தது.

"பல்லடம் தாண்டினதும் பெட்ரோல் வாசமுங்க.
நீங்க சொன்னது நெனப்பு வந்துருச்சு.
பயந்துக்கிட்டு ஓரங்கட்டி மூணுக்கே எறக்கிட்டனுங்க.
பொறவு பாத்தா, முன்னால ஒரு டேங்கர் லாரி,
வாசம் அதோடதுங்க."

அழுத்தம் மூன்று. நேரம் நாலுக்குக் குறுக்கியது.
ரேஸ் அன்றைக்கும் கணினி
நாலு என்றே நம்பிக்கொண்டிருந்தது.
பாதித் தாகத்தோடு
பிஸ்டன் கடைசிச் சுற்று வரை போயிருக்கிறது.

ஏற்றினால் என்னாகும் என்று ஏழு தடவை.
இறக்கினால் என்னாகும் என்று
ஒரு தடவைகூட நான் வாயைத் திறக்கவில்லை.

பில் போடும்போது பிஸ்டன் விலையில் பாதியை
என் கணக்கில் எழுதினேன்.
வீட்டில் சொல்லவில்லை.
இப்போதெல்லாம் மஞ்சள் கோட்டுக்கு
இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று
இரண்டு சிவப்புப் புள்ளி வைக்கிறேன்.
எதுக்குங்க ரெண்டு என்று கேட்கிறவர்களை
உட்காரச் சொல்கிறேன்.